அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரை

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மஞ்சக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். செண்டுமல்லிப் பூவிலிருந்து சத்து எடுக்கும் கம்பெனி அது. உலர்ந்த இதழ்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து எடுத்தால் தார் போலக் கெட்டியான செம்மஞ்சள் பசை மிஞ்சும். அதில் ஒரு துளியைக் கரைத்துக் கருவிக்குள் வைத்து, நிறச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. கையுறை போட்டாலும் எப்படியோ விரலிடுக்கில் ஏறிவிடும். பதினான்கு வருஷமாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த மஞ்சள் போகவில்லை.

அந்தச் சத்தைக் கம்பெனியே மாத்திரையாக்கி விற்றது; சர்க்கரை உள்ளவர்களின் கண்ணைக் காக்கும் என்று குப்பியில் எழுதியிருந்தார்கள். அவள் அதை நம்பியது குப்பியைப் பார்த்து அல்ல. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணின் உள்ளே மயிரிழை போலிருக்கும் குழாய்கள் நைந்துபோகின்றன, செடிகளில் இருக்கும் இதுபோன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து அந்த நைவைத் தணிக்கக்கூடும் என்று படித்திருந்தாள். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் விழித்திரை அதிகம் கெடவில்லை என்று படங்களோடு போட்டிருந்தார்கள். படங்களைப் பார்த்ததும் அவளுக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. டவர் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பது மீட்டர் உயரத்தில், அலமாரி அளவுள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பைத் தூக்கி இறக்குகிற வேலை. அவனுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர்களுடைய அப்பாவுக்கும் அதே வியாதிதான். அப்பா கடைசி ஆறு வருஷம் கண் தெரியாமல் கிடந்தார். முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்து, "விடிஞ்சிருச்சா?" என்று மத்தியானத்தில் கேட்பார். அண்ணன்தான் அவரைக் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போவான். அந்த நாளிலிருந்து கண் ஆஸ்பத்திரி என்றாலே ஏதாவது சாக்குச் சொல்வான். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணியின் தொல்லை தாங்காமல் அரைமனதாகப் போய்வந்துகொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் இரண்டு குப்பி மாத்திரையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள்.

"தினமும் ஒன்னு போட்டுக்கண்ணா. இதைச் சாப்பிட்டா கண்ணுக்கு ஒன்னும் ஆகாது."

அன்றைக்கு அது வெறும் பாசத்தில் சொன்ன சொல். சொன்னதையே மறந்துவிட்டாள். மாதாமாதம் குப்பி மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக்கு நடுவே அண்ணன் வலது கையால் முகத்துக்கு முன்னால் ஈ ஓட்டினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓட்டினான். அவள் பார்த்தாள். ஈ எதுவும் இல்லை.

மூன்றாவது தடவையும் அவன் கையை வீசியதை அவள் பார்த்தாள். எழுந்து, தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவனுடைய இடது பக்கம் போய் நின்றாள். உப்புச் சிமிழை அவன் தோளுக்கு அருகே சத்தமில்லாமல் நீட்டினாள். அவன் பார்க்கவில்லை. "அண்ணா" என்றதும் கழுத்தோடு தலையை முழுக்கத் திருப்பி, வலது கண்ணால் அவளைத் தேடினான்.

"என்னத்த நீட்டிக்கிட்டு நிக்கிற?"

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

அடுப்படியிலிருந்து அண்ணி பதில் சொன்னாள். "இடது கண்ணு நாலஞ்சு மாசமா மங்கல். கேட்டா தூசின்னுவாரு. இப்ப ஒரு வாரமா இந்த ஈ வேற. யாருக்கும் தெரியாத ஈ."

"கண்ணுக்குள்ள ஏதோ நூல் மாதிரி ஓடுது, அவ்வளவுதான்," என்றான் அண்ணன். "கறுப்பு நூல். கண்ணைத் திருப்பினா கூடவே வருது. அதான் மாத்திரையை நாலாக்கிட்டேன். காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு."

"கடைசியா எப்ப கண்ணைக் காட்டின?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அடுப்படி வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் இருக்கும்," என்றான். "எதுக்குப் போகணும்? நீ குடுக்கிறது இருக்குல்ல. நீயே சொன்னியே ஒன்னும் ஆகாதுன்னு. படிச்ச பொண்ணு, அதே சத்தைத் தினம் அளக்கிறவ. உன்னைவிட எனக்கு யாரு சொல்லணும்?"

அவள் கையிலிருந்த உப்புச் சிமிழை மேசைமேல் வைத்தாள். கட்டுரையில் பார்த்த எலிகளின் படம் நினைவுக்கு வந்தது. அந்த எலிகளுக்குத் தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்க ஆள் இருந்தது. வேளாவேளைக்குச் சர்க்கரையை அளக்க ஆள் இருந்தது. அண்ணனுக்கு அவள் சொன்ன ஒரு சொல் மட்டும்தான் இருந்திருக்கிறது.

"நாளைக்குக் கிரேன்ல ஏறாதண்ணா. காலைல ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நாளைக்குக் கம்பிக்கட்டு வருது. நான் ஏறலைன்னா வேற ஒருத்தன் ஏறிடுவான், அப்புறம் அந்த சீட்டு அவனுக்குத்தான். சனிக்கிழமை போலாம்."

"சனிக்கிழமை வரைக்கும் தாங்காது."

"நீ என்ன டாக்டரா?" என்று சிரித்தான். "எலி டாக்டரு."

அவள் கெஞ்சினாள், அண்ணி கத்தினாள், அவன் மசியவில்லை. சனிக்கிழமை சத்தியம் என்று அவள் தலையில் கை வைத்தான். அவ்வளவுதான் வாங்க முடிந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போன் பண்ணிவிட்டு நேரே அண்ணன் வேலை செய்கிற இடத்துக்குப் போனாள். பாதி எழும்பிய கட்டடம், சுற்றிலும் தகர வேலி, வாசலில் ஒரு காவல்காரர். உள்ளே விடமாட்டேன் என்றார். அண்ணனின் தங்கை என்றதும் தன் நாற்காலியை எடுத்துக் கொடுத்தார். அவர் இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது.

"உங்கண்ணன் கை மாதிரி ஒரு கை கிடையாதும்மா," என்றார் அவர். "மேலேர்ந்து இறக்கி இந்த டம்ளர் மேல வைன்னா வைப்பாரு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் கோபுரம், அதன் உச்சியில் தீப்பெட்டி போலக் கண்ணாடிக் கூண்டு, அதிலிருந்து நீண்ட இரும்புக்கை. கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி தொங்கியது. பனைமர நீளம் இருக்கும். அது காற்றில் மெல்லத் திரும்பியபடி கட்டடத்தின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாவது தளத்தில் எட்டுப் பத்துப் பேர் தலையில் தொப்பியோடு அதை வாங்கக் காத்திருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வீணாகப் பயந்துவிட்டோமோ என்று அவள் நினைத்தாள்.

கம்பிக்கட்டு நின்றது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தளத்தில் நின்ற சிக்னல்காரர் கையைக் கீழே காட்டினார். கட்டு இறங்கவில்லை. ஆட்களின் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், இப்படியும் அப்படியும் ஆடியது. சிக்னல்காரர் மறுபடி காட்டினார். பிறகு வாக்கி-டாக்கியில் கேட்டார். காவல்காரரின் இடுப்பிலிருந்து அந்தக் குரல் தெளிவாக வந்தது.

"அண்ணே, இறக்குங்க. என்னாச்சு?"

கரகரப்பு மட்டும்.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது." அண்ணனின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அங்க எத்தனை பேரு நிக்கிறாங்க?"

"பத்துப் பேரு. ஏன்?"

"எல்லாரையும் வெளிய அனுப்பு. ஓடச் சொல்லாத, நடந்து போகட்டும். எனக்குக் கண்ணு தெரியல."

காவல்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. வெயில் பட்டுக் கண்ணாடி மின்னியது, அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்குள் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நைந்த குழாய் ஒன்று உடைந்திருக்கிறது. நல்ல கண் என்று நம்பியிருந்த வலது கண்ணுக்குள் ரத்தம் பரவுகிறது. இடது கண்ணில் மங்கிய நிழலைத் தவிர ஒன்றுமில்லை.

தளத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். சிக்னல்காரர் மட்டும் நகரவில்லை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"எல்லாரும் போயாச்சுண்ணே. நான் ஓரமா இருக்கேன். கையை எங்க வச்சிருக்கீங்க?"

"ரெண்டு கையும் நெம்புகோல்லதான் இருக்கு. விட்டா நின்னுரும். ஆனா இது இப்படியே தொங்கக் கூடாது, காத்து ஏறுது. நீ சொல்லு, நான் இறக்குறேன்."

"சரி. கொஞ்சமா இறக்குங்க. இன்னும் கொஞ்சம். நில்லுங்க. ஆட்டம் நிக்கட்டும்."

அவள் நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தகர வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பிக்கட்டின் ஒரு நுனி தளத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. நேர் கீழே தெரு. வேலிக்கு அந்தப்பக்கம் ஜனங்கள் பையோடும் குடையோடும் போய்க்கொண்டிருந்தார்கள். காவல்காரர் வாக்கி-டாக்கியை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடி, இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்தார்.

"இடது பக்கம் ஒரு முழம்," என்றது சிக்னல்காரரின் குரல். "போதும். இப்ப இறக்குங்க. இறக்குங்க. அப்படியே. தொட்டாச்சு. முழுசா உக்காந்துருச்சுண்ணே. கையை எடுத்துருங்க."

நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். அவளுக்கு நாலு வருஷம் போல இருந்தது.

அதற்கப்புறம்தான் இன்னொரு பயம். அவனை எப்படிக் கீழே கொண்டுவருவது? கோபுரத்துக்குள் ஏணி ஒன்றுதான் வழி. இரண்டு பேர் இடுப்பில் வாரோடு ஏறினார்கள். ஒருவன் மேலே நின்று அண்ணனின் வாரைக் கயிற்றில் மாட்டிப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் அவனுக்குக் கீழே இறங்கியபடி, அவனுடைய காலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தான். கால், படி. கால், படி. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்குவேன் என்று பீற்றிக்கொண்டிருந்த ஏணி. இப்போது கண் திறந்திருக்கிறது, ஒவ்வொரு படியும் பாதாளம். பாதி வழியில் அவன் நின்றுவிட்டான். ஏணியைக் கட்டிக்கொண்டு நெற்றியை இரும்பில் வைத்துக்கொண்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தரையைத் தொட்டபோது அவன் சட்டை தண்ணீரில் முக்கியெடுத்தது போல நனைந்திருந்தது. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் அவள் விரல்களைத் தடவிப் பார்த்தான்.

"பாப்பாவா? நீ எப்ப வந்த?"

சின்ன வயதில் கூப்பிட்ட பெயர்.

"யார் மேலயும் படலையே?" என்று கேட்டான்.

"படலண்ணா."

"எல்லாம் செவப்பா இருக்கு. அப்புறம் கறுப்பா ஆயிட்டே வருது. அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிருக்குமா?"

அவள் அவன் கையைப் பிடித்து வாசலைப் பார்த்து நடத்தினாள்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, காக்கவைத்து, விளக்கடித்து, ஸ்கேன் எடுத்து எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. டாக்டரம்மா அதிகம் பேசாதவர். படத்தைத் திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தார். செய்தி கேட்டு ஓடிவந்திருந்த அண்ணி அதற்குள் அவள் மணிக்கட்டை நசுக்கிவிட்டாள்.

"வலது கண்ணுல ரத்தம் கசிஞ்சு நிறைஞ்சிருக்கு. இடது கண்ணுல நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்கு. இது நாலஞ்சு மாசக் கதை இல்ல. ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். ஏன் வரல?"

அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தங்கையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் பேசாமல் இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"நான்தான் காரணம்," என்றாள். பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதைக் குடுத்து, ஒன்னும் ஆகாதுன்னு சொன்னேன். அவன் நம்பிட்டான்."

டாக்டரம்மா குப்பியைத் திருப்பிப் படித்தார். அவள் எதிர்பார்த்த திட்டு வரவில்லை.

"இது விஷம் இல்லம்மா. கீரை, பழம், காய்ல இருக்கிற சத்துதான். நல்லதுதான், சாப்பிடலாம். எலியில பாத்திருக்காங்க, மனுஷங்கள்ல சின்னச் சின்னதா பாத்திருக்காங்க. கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம், இன்னும் உறுதியா தெரியல. ஆனா உடைஞ்ச குழாயை இது அடைக்காது. ரத்தத்துல சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுல வைக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை உள்ள பாக்கணும். வலி இல்லாம கெடுற வியாதி இது. பாத்தாதான் தெரியும்."

"திரும்பக் கண்ணு வருமா?" என்று அண்ணி கேட்டாள்.

"இடது கண்ணுல ஊசி போடணும். ஒன்னு ரெண்டு இல்ல, மாசாமாசம். வலது கண்ணுல ரத்தம் வடியுதான்னு பாத்துட்டு லேசர், இல்லன்னா ஆபரேஷன். எவ்வளவு வரும்னு இப்ப என்னால வாக்கு குடுக்க முடியாது."

அண்ணன் அப்போதுதான் பேசினான். "ஊசியா? கண்ணுலயா?"

"மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவோம்."

"நாப்பது மீட்டர்ல உக்காந்தவன் நான்," என்றான், யாரிடம் என்றில்லாமல். "எனக்குக் கை நடுங்குது பாரு பாப்பா."

ஊசி போடுகிற அறை வாசல்வரை அவள்தான் கூட்டிப்போனாள். கதவு சாத்தும்வரை அவன் விரல்கள் அவள் கையை விடவில்லை.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் யாருக்கும் சரியாக மூச்சு வரவில்லை. ரத்தம் கீழே படியவேண்டும் என்று தலையணையை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் சாப்பிடும்போது தட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பான். அவள் தினமும் வேலை முடிந்து அங்கே போய்விடுவாள். அண்ணியோடு சேர்ந்து சர்க்கரையை அளப்பாள், எழுதுவாள், சாப்பாட்டைப் பார்ப்பாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு சாயங்காலம் மூவரும் கூடத்தில் இருந்தபோது அவன் திடீரென்று, "லைட் போட்டிருக்கா?" என்று கேட்டான். அண்ணியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் குரலே திரும்பி வந்தது போல இருந்தது.

பிறகு அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு எரியவில்லை. பேசிக்கொண்டே இருட்டிவிட்டதை அவர்கள்தான் கவனிக்கவில்லை.

"போடலைங்க," என்றாள் அண்ணி. "நாங்க போடவே இல்ல."

"அதானே," என்றான் அவன். "இருட்டா இருக்குன்னு எனக்கே தெரியுது. நீங்க ரெண்டு பேரும் கண்ணு இருந்தும் உக்காந்திருக்கீங்க."

அன்றைக்குத்தான் அண்ணி வாய்விட்டு அழுதாள்.

கம்பெனியில் அவள் விற்பனை மேலாளரைப் போய்ப் பார்த்தாள். சர்க்கரை உள்ளவர்களின் கண்ணைக் காக்கும் என்று குப்பியில் எழுதியிருப்பதை எடுக்கவேண்டும், இதைச் சாப்பிட்டாலும் கண் பரிசோதனையை விடக்கூடாது என்று எழுதவேண்டும் என்றாள்.

"லேபிள்ல இடம் இல்லம்மா," என்றார் அவர். "நாம பொய் ஒன்னும் சொல்லலையே. காக்கும்னுதானே போட்டிருக்கோம், குணமாக்கும்னு போடலையே."

"எங்கண்ணனுக்கு அந்த வித்தியாசம் தெரியல சார். எனக்கே தெரியல."

அடுத்த மாதம் ஒவ்வொரு சோதனை அறிக்கையின் அடியிலும் அவள் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: நிறச்சத்தின் அளவுக்கு மட்டுமே இந்தக் கையெழுத்து, கண்ணைக் காக்கும் என்பதற்கு அல்ல. இரண்டு தடவை அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டு மிரட்டினார்கள். வேலை போய்விடும் என்று பயந்தாள்தான். கம்பிக்கட்டு தலைக்கு மேல் ஆடியதைப் பார்த்த பயத்துக்கு முன்னால் அது சின்னதாகத் தெரிந்தது. அவளை ஆய்வகத்திலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். அரை வருஷம் கழித்து வந்த குப்பிகளில் அந்த வாசகம் இல்லை. பரிசோதனையைப் பற்றி ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. அவள் சொன்னதாலா, வேறு யாராவது புகார் கொடுத்ததாலா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஏழு ஊசி ஆனது. இடது கண்ணில் பெரிய எழுத்தைப் படிக்கிற அளவு பார்வை திரும்பியது. வலது கண்ணில் ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்தார்கள், லேசர் வைத்தார்கள். ஓரத்தில் ஒரு பக்கம் எப்போதும் இருட்டுதான், நடுவில் தெரிகிறது. கிரேன் ஏற இனி அனுமதி கிடையாது. கட்டடக் கம்பெனியில் கொக்கி, சங்கிலி, வடம் எல்லாவற்றையும் தடவித் தடவிச் சோதிக்கிற வேலை கொடுத்தார்கள். முதல் வாரம் அண்ணாந்து பார்க்காமலே நடந்தானாம். சிக்னல்காரர் சொன்னார்.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்கும் ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டது. கண்ணையும் ஒருதரம் காட்டிவிடச் சொன்னார்கள். போகாமல் இருக்க நூறு காரணம் மனதுக்குள் வரிசையாக வந்து நின்றது. அண்ணன் இத்தனை வருஷம் எதைக் கண்டு ஓடினான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அவன்தான் வந்து கூட்டிப்போனான்.

சொட்டு மருந்து விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கண் கூசியது, எதிரே இருந்த பலகை எழுத்தெல்லாம் கலங்கியது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனாள். டாக்டரம்மா விளக்கை அருகே கொண்டுவந்தார். மேலே பார், கீழே பார் என்றார். தன் மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது. அந்த வெளிச்சத்துக்கு அப்பால் ஒரு முகம் எதையோ தேடிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அடுத்த வருஷம் இதே மாசம் வாங்க."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. வாசல்படியில் நின்று அவள் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு எல்லாம் வெள்ளையாகக் கரைந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் இல்லையாம். வருஷா வருஷம் வரணும்."

"வரணும்னா வரணும்," என்றான். "இப்ப ரோட்டைத் தாண்டணும். உனக்கு ஒன்னும் தெரியல, எனக்குப் பாதிதான் தெரியுது. யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது?"

அவள் சிரித்தாள். இருவரும் அங்கேயே நிழலில் நின்று, வண்டிகள் குறையட்டும் என்று வெகுநேரம் காத்திருந்தார்கள்.